ஹெவி மெட்டல் புராணம்

பாயிரம்

புராணம் என்றால் முதலில் அவையடக்கம் சொல்ல வேண்டும். சொல்லிவிடுகிறேன்: இது சத்தத்தின் கதை. சுத்த சங்கீதம் கேட்டுப் பழகியவர்கள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படிக்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

ஹார்ட் ராக், ஹெவி மெட்டல் என்றாலே பலருக்கு நினைவுக்கு வருவது கறுப்புச் சட்டை, இடுப்புவரை தொங்கும் முடி, மண்டை ஓடு, தலைகீழ்ச் சிலுவை. அப்பா அம்மாக்கள் பயந்தார்கள், பாதிரியார்கள் பயந்தார்கள், கடைசியில் அமெரிக்க செனட் சபையே பயந்துபோய் விசாரணை வைத்தது. பயந்தவர்களில் ஒருவராவது இந்த ஆல்பங்கள் பதிவான இடங்களை எட்டிப் பார்த்திருந்தால், பயம் போய்ப் பரிதாபம் வந்திருக்கும். ஈரம் ஊறிய பழைய கட்டடம், குளிர்காலத்துக்கு மூடிப்போட்ட ஹோட்டல், ஒரே ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுத்த ஸ்டூடியோ, உள்ளே குளிரில் விறைத்துப்போன நாலைந்து இளைஞர்கள். சாத்தான் அந்தப் பக்கம் வந்திருந்தால் ஆளுக்கொரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பான்.

இந்தப் புராணத்தின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்த இசைக்கு அமைந்த நல்ல ஓசைகளில் பாதி, ஏதோ ஒன்று கெட்டுப்போனதால் அமைந்தவை. மீதிப் பாதி, கெட்டதைச் சரிசெய்யக் காசோ நேரமோ இல்லாததால் அமைந்தவை.

ஓட்டை ஸ்பீக்கர் படலம்

ஆதியில் ஸ்பீக்கர் நன்றாகத்தான் இருந்தது. 1958இல் அமெரிக்காவில் லிங்க் ரே என்பவர் ‘ரம்பிள்’ என்றொரு வாத்திய இசையைப் பதிவுசெய்ய ஸ்டூடியோவுக்குப் போனார். மேடையில் வந்த கரகரப்பு அங்கே வரவில்லை. பென்சிலை எடுத்து ஸ்பீக்கரில் குத்தி ஓட்டை போட்டார், கரகரப்பு வந்துவிட்டது. கூடவே தடையும் வந்தது. இதைக் கேட்டால் பையன்கள் தெருச்சண்டைக்குக் கிளம்பிவிடுவார்கள் என்று சில வானொலி நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன. அதில் ஒரு சொல்கூடக் கிடையாது என்பதுதான் விசேஷம். வாயே திறக்காமல் கெட்ட பேச்சுப் பேசியவர் என்ற பெருமை லிங்க் ரேக்கு நிலைத்துவிட்டது.

1964இல் லண்டனில் தி கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் இன்னும் ஒருபடி மேலே போனார். வயது பதினேழு. கையில் எல்பிகோ என்ற சோப்ளாங்கி ஆம்ப்ளிஃபயர். ஒருநாள் சவர பிளேடை எடுத்து அதன் ஸ்பீக்கர் காகிதத்தைக் கிழித்தார். கிழிந்த பெட்டியை இன்னொரு பெரிய ஆம்ப்ளிஃபயரோடு இணைத்து வாசித்தார். ‘யூ ரியலி காட் மீ’ பாட்டின் கிடார் அப்படிப் பிறந்ததுதான். நம் வீட்டுப் பையன் இதைச் செய்திருந்தால் முதுகு பழுத்திருக்கும். அவர் பாட்டு பிரிட்டனில் முதலிடத்துக்குப் போனது.

உள்ளே நடப்பது இதுதான். கிடாரிலிருந்து வரும் சின்ன மின்அலையைப் பெரிதாக்குவது ஆம்ப்ளிஃபயரின் வேலை. அதன் தெம்புக்கு மேல் பெரிதாக்கச் சொன்னால், அலையின் உச்சி மேலே முட்டித் தட்டையாக வெட்டுப்படும். வெட்டுப்பட்டதும் மூல ஸ்வரத்தோடு ஏராளமான மேல்சுரங்கள் புதிதாக முளைக்கும். ஓசை தடிக்கும், கரகரக்கும், சீக்கிரம் அடங்காமல் நீளும். எஞ்சினியர்கள் இதற்கு டிஸ்டார்ஷன் என்று பெயர் வைத்து ஒழிக்கப் பாடுபட்டார்கள். கிடார்காரர்கள் அதே பெயரைச் சொல்லி வளர்க்கப் பாடுபட்டார்கள். கிடார்காரர்கள் ஜெயித்தார்கள்.

ஒரு சிக்கல் உண்டு. இந்தக் கரகரப்பில் மூன்று நான்கு ஸ்வரங்களைச் சேர்த்து வாசித்தால் எல்லாம் குழைந்து சேறாகிவிடும். ஆகவே நடுவில் நிற்கும் காந்தாரத்தைத் தூக்கி எறிந்துவிட்டு ஸட்ஜத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் வைத்துக்கொண்டார்கள். இதற்குப் பெயர் பவர் கார்ட். நம் தம்புராவும் அதே ஸ–ப–ஸவைத்தான் காலகாலமாக மீட்டுகிறது. அதை யாரும் பிளேடால் கிழிக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

சத்தத்துக்குப் பெட்டி செய்து கொடுத்த மயன் யார் என்றும் சொல்ல வேண்டும். ஜிம் மார்ஷல், மேற்கு லண்டனில் ஹான்வெல்லில் கடை வைத்திருந்த டிரம்ஸ் வாத்தியார். எலும்பைப் பிடித்த காசநோயால் சிறுவயதின் பெரும்பகுதியை மாவுக்கட்டுக்குள் கழித்தவர். தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் அவரிடம் வந்து இன்னும் சத்தம், இன்னும் சத்தம் என்று நச்சரித்து, எட்டு ஸ்பீக்கர்களை ஒரே பெட்டியில் வைத்துத் தரச் சொன்னார். தூக்க முடியாது என்று மார்ஷல் சொன்னதை அவர் கேட்கவில்லை. சில நாளில் சுமை தூக்கும் பையன்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். பெட்டி இரண்டாக அறுபட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக நின்றது. எல்லா மெட்டல் குழுக்களின் முதுகுக்குப் பின்னாலும் கோட்டைச் சுவராக நிற்கிறதே மார்ஷல் ஸ்டாக், அதன் மூலவர் இடுப்புவலி.

விரல் கொடுத்த படலம்

ஏகலைவன் குருவுக்குக் கட்டைவிரலைக் கொடுத்தான். டோனி அயோமி தகரத் தொழிற்சாலைக்கு இரண்டு விரல்நுனிகளைக் கொடுத்தார்.

இடம், பர்மிங்ஹாம். பதினேழு வயது அயோமி தொழிற்சாலையில் வெல்டிங் வேலை பார்த்தார். முழுநேரமாகக் கிடார் வாசிக்கப் போவதாகச் சொல்லி வேலையை விட்டுவிட்டார். கடைசி நாள் மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தவர் திரும்பிப் போக மனமில்லாமல் இருந்தார். அவர் அம்மாவோ, எடுத்த வேலையை முடித்துவிட்டு வருவதுதான் மரியாதை என்று அனுப்பிவைத்தார். தகரத்தை அழுத்தும் பிரஸ் மெஷினை ஓட்டும் பெண் அன்று வரவில்லை. அந்த மெஷினில் இவரை உட்காரவைத்தார்கள். வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனியும் போயின. அவர் இடதுகைக்காரர், தந்தியை அழுத்த வேண்டிய கை அந்த வலது கைதான். கிடாரை மறந்துவிடச் சொன்னார்கள் டாக்டர்கள்.

தொழிற்சாலை மேலாளர் ஓர் இசைத்தட்டோடு பார்க்க வந்தார். ஜாங்கோ ரைன்ஹார்ட் வாசித்த ஜாஸ் கிடார். தீவிபத்தில் இரண்டு விரல்கள் செயலிழந்தபின் மீதி விரல்களால் உலகை ஆட்டிவைத்த மனிதர் அவர். அயோமி எழுந்து உட்கார்ந்தார். பாத்திரம் தேய்க்கும் திரவம் வரும் பிளாஸ்டிக் புட்டியை உருக்கி உருண்டையாக்கினார், சூடான கம்பியால் குடைந்து தொப்பி செய்தார், உப்புத்தாளால் தேய்த்தார், வழுக்காமல் இருக்கப் பழைய ஜாக்கெட்டின் தோலை வெட்டி ஒட்டினார். கிடார் உலகின் மிகப் புகழ்பெற்ற இரண்டு விரல்கள் அடுப்படியில் தயாரானவை.

தொப்பி போட்ட விரலுக்குத் தடித்த தந்தி வலித்தது. மெல்லிய தந்திகள் அப்போது கடையில் செட்டாகக் கிடைக்காததால் பாஞ்சோ தந்திகளைக் கட்டிப் பார்த்தார். அப்புறம் தந்தியின் இறுக்கத்தையே தளர்த்தினார். 1971இல் வந்த ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ ஆல்பத்தில் சில பாடல்களுக்குச் சுருதியை மூன்று ஸ்வரஸ்தானம் இறக்கினார். விரல் நோகாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. கேட்டவர்கள் காதில் பாதாளம் திறந்தது. பிற்காலத்தில் பத்து விரலும் முழுசாக உள்ள ஆயிரம் கிடார்காரர்கள் இதே மாதிரி தந்தியைத் தளர்த்தினார்கள்.

பாடகர் ஆஸி ஆஸ்பர்னின் பூர்வாசிரமமும் சாமானியமல்ல. கார் ஹாரன் சோதிக்கும் வேலை, இறைச்சிக்கூடத்தில் வேலை, அப்புறம் திருட்டு. திருடிய டிவி சுவரேறும்போது தன்மேலேயே விழுந்த அளவுக்குத் தொழில் சுத்தம். அபராதம் கட்டக் காசில்லை. புத்தி வரட்டும் என்று அப்பாவும் கட்டவில்லை. பர்மிங்ஹாம் சிறையில் சில வாரம் இருந்துவிட்டு வந்தார். பாடகர் தேவையா என்று ஆஸி ஒட்டிய விளம்பரத்தைப் பார்த்துப் போன அயோமிக்குத் தூக்கிவாரிப்போட்டது: பள்ளிக்கூடத்தில் தன்னிடம் அடிவாங்கிய பையன் அல்லவா இவன்! வேறு வழியில்லாமல் சேர்த்துக்கொண்டார். பேஸ் கிடாருக்கு கீஸர் பட்லர், டிரம்ஸுக்கு பில் வார்டு. பயமுறுத்தும் சினிமாவுக்குக் காசு கொடுத்துக் கூட்டம் வருகிறதே, பாட்டுக்கு வராதா என்ற வியாபாரக் கணக்கில் போரிஸ் கார்லாஃப் நடித்த ஒரு படத்தின் பெயரையே குழுவுக்கு வைத்தார்கள்: பிளாக் சாபத்.

முதல் ஆல்பத்தை 1969 அக்டோபர் 16 அன்று லண்டன் ரீஜென்ட் சவுண்ட் ஸ்டூடியோவில் ஒரே நாளில் முடித்தார்கள். மேடையில் வாசிக்கிற மாதிரியே வாசித்துவிட்டு ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். மழையும் இடியும் கோயில் மணியும் பிற்பாடு சேர்க்கப்பட்டவை. 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமையாகப் பார்த்து வெளியிட்டார்கள். விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். ஆல்பம் பிரிட்டனில் எட்டாம் இடத்துக்கு ஏறியது. உள்ளட்டையில் தலைகீழ்ச் சிலுவையை அச்சடித்தது கம்பெனி. குழுவைக் கேட்கவே இல்லை. அதைப் பார்த்து மாந்திரீகக்காரர்கள் பின்னாலேயே வரத் தொடங்க, மிரண்டுபோன நால்வரும் கழுத்தில் நேர்ச்சிலுவை மாட்டிக்கொண்டார்கள். செய்து கொடுத்தவர் ஆஸியின் அப்பா.

அந்த ஆல்பத்தின் முதல் பாட்டான ‘பிளாக் சாபத்’தில் வரும் மூன்று ஸ்வரம்தான் பூகம்பத்தின் மையம்: ஸட்ஜம், மேல் ஸட்ஜம், அங்கிருந்து இறங்கி பிரதி மத்தியமத்தில் ஒரு நடுக்கம். ஸட்ஜத்துக்கும் பிரதி மத்தியமத்துக்கும் உள்ள இடைவெளியை ஐரோப்பாவில் சாத்தானின் இடைவெளி என்றே சொல்லிவந்தார்கள். சபை அதைத் தடைசெய்ததாகக்கூடக் கதை உண்டு, உத்தரவைக் கண்ணால் கண்டவர் இல்லை. நம் பக்கத்தில் 72 மேளகர்த்தா ராகங்களில் சரிபாதி, 36, பிரதி மத்தியமத்தில்தான் நிற்கின்றன. அதில் தலைப்பிள்ளை கல்யாணி. பர்மிங்ஹாமில் பேய் வந்த ஸ்வரத்தில் நாம் மாப்பிள்ளை அழைத்துக்கொண்டிருக்கிறோம். குற்றம் ஸ்வரத்தில் இல்லை. பக்கத்தில் மழை பெய்யவிட்டு, ரிஷப காந்தாரம் இல்லாமல் அதை மொட்டையாக நிறுத்திய ஆளிடம் இருக்கிறது.

2025 ஜூலை 5 அன்று அந்த நால்வரும் தாங்கள் வளர்ந்த ஆஸ்டன் பகுதியின் கால்பந்து மைதானத்தில் கடைசியாகச் சேர்ந்து வாசித்தார்கள். ஆஸி நிற்க முடியாமல் சிம்மாசனத்தில் உட்கார்ந்து பாடினார். ஜூலை 22 அன்று காலமானார். ஒரு காலத்தில் ஊரைக் கெடுப்பதாகத் திட்டப்பட்ட மனிதரின் இறுதி ஊர்வலத்துக்கு ஊரே தெருவில் நின்றது.

மாடிப்படிப் படலம்

முருகனுக்கு மயில், பிள்ளையாருக்கு மூஞ்சூறு. ஹார்ட் ராக்குக்கு வாகனம் ஒரு லாரி. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் தாங்கள் போகிற இடத்திலேயே பதிவுசெய்துகொள்ள வசதியாக லாரிக்குள் ஒரு ஸ்டூடியோவைக் கட்டினார்கள். சும்மா நிற்கும் நாளில் வாடகைக்கும் விட்டார்கள். ஊர் ஆல்பங்களில் பாதியை அந்த லாரி பதிவுசெய்தது.

1970-71 குளிர்காலத்தில் லாரி ஹாம்ப்ஷயரில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற கட்டடத்தின் வாசலில் போய் நின்றது. 1795இல் ஏழைகளை அடைத்துவைக்கக் கட்டிய விடுதி அது. சாம்பல் பூத்த சுவர், ஈரம், குளிர். லெட் ஸெப்லின் குழு உள்ளே குடியேறியது. கிடார்காரர் ஜிம்மி பேஜுக்குப் பேய் பிசாசில் ஆர்வம் அதிகம்; அவருக்கு மட்டும் இடம் பிடித்திருந்தது.

டிரம்ஸ்காரர் ஜான் பானம், டிரம்ஸுக்கு ஆள் உருவம் கொடுத்த மாதிரி இருப்பார். அவருடைய டிரம்ஸை மாடிப்படி சுற்றி ஏறும் கூடத்தில் வைத்தார்கள். எஞ்சினியர் ஆண்டி ஜான்ஸ் இரண்டே இரண்டு மைக்கை எடுத்து மேல்மாடிக் கைப்பிடியிலிருந்து கீழே தொங்கவிட்டார். வழக்கமாக ஒவ்வொரு டிரம்முக்கும் காதோரம் ஒரு மைக் வைப்பார்கள். இங்கே மைக்கின் காதில் விழுந்தது டிரம்ஸ் மட்டுமல்ல. கூடத்தின் உயரம், கல்தரை, சுவரில் முட்டித் திரும்பும் எதிரொலி எல்லாம் சேர்ந்து விழுந்தன. ‘வென் த லெவி பிரேக்ஸ்’ பாட்டின் தொடக்கத்தைக் கேளுங்கள். முதல் அடியிலேயே கட்டடம் எவ்வளவு பெரியது என்று காது அளந்துவிடும். அந்தத் தாளத்தை வெட்டி ஒட்டித் தங்கள் பாட்டாக்கிக்கொண்டவர்கள் பலர். 1986இல் பீஸ்டி பாய்ஸ் அந்தப் பட்டியலின் முன்வரிசையில் நின்றார்கள். பாட்டே 1929இல் கன்சாஸ் ஜோ மெக்காயும் மெம்ஃபிஸ் மின்னியும் மிசிசிப்பி வெள்ளத்தைப் பற்றிப் பாடியதுதான் என்பதால், யாரும் யாரையும் திருடன் என்று சொல்லும் நிலையில் இல்லை.

1971 நவம்பரில் ஆல்பம் வந்தபோது அட்டையில் குழுவின் பெயர் இல்லை, ஆல்பத்தின் பெயர் இல்லை. விறகு சுமக்கும் ஒரு கிழவர் படம் மட்டும். கம்பெனிக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். பெயரில்லாப் பிள்ளை, குழுவின் ஆல்பங்களிலேயே அதிகம் விற்றது.

மண்டபம் எரிந்த படலம்

அடுத்த குளிர்காலத்தில் அதே லாரி சுவிட்சர்லாந்துக்குப் போனது. மான்ட்ரோ என்ற ஏரிக்கரை ஊரின் காஸினோ குளிர்காலத்துக்கு மூடப்படுகிறது. காலி மண்டபத்தில் நிம்மதியாகப் பதிவுசெய்துகொள்ளலாம் என்று டீப் பர்ப்பிள் குழுவுக்குச் சொல்லியிருந்தார்கள். மூடுவதற்குமுன் கடைசிக் கச்சேரி மட்டும் பாக்கி. 1971 டிசம்பர் 4, ஃபிராங்க் ஸாப்பாவும் குழுவும்.

கச்சேரி நடுவே யாரோ ஒரு புண்ணியவான் தீப்பொறித் துப்பாக்கியை எடுத்துக் கூரையைப் பார்த்துச் சுட்டார். காஸினோ முழுக்க எரிந்து தீர்ந்தது. விழா அமைப்பாளர் க்ளோட் நாப்ஸ் உள்ளே ஓடி ஓடிப் பையன்களை வெளியே இழுத்துவந்தார், உயிர்ச்சேதம் இல்லை. ஸாப்பாவின் வாத்தியங்கள் சாம்பல். ஒரே வாரத்தில் லண்டன் ரெயின்போ அரங்கில் ஒருவன் மேடையிலிருந்து அவரைப் பிடித்துத் தள்ள, பலத்த காயத்தோடு மருத்துவமனைக்குப் போனார். ஏழரைச்சனி என்பதை ஸ்விஸ் பஞ்சாங்கம் கணித்ததோ இல்லையோ, மனிதர் அனுபவித்துவிட்டார்.

டீப் பர்ப்பிள் ஆட்கள் ஏரிமேல் புகை பரவுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். ஸ்டூடியோ போய்விட்டது, லாரி நிற்கிறது, வாடகை ஓடுகிறது. நாப்ஸ் அவர்களைப் பெவிலியன் என்ற அரங்கில் கொண்டுபோய் விட்டார். ராத்திரியில் ஒரு பாட்டின் இசையை வாசிக்கத் தொடங்கினார்கள். அக்கம்பக்கத்தார் போலீஸைக் கூப்பிட்டார்கள். போலீஸ் வெளியே கதவைத் தட்ட, குழுவின் எடுபிடிகள் உள்ளேயிருந்து கதவை முட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொண்டார்கள். அந்த அவகாசத்தில் பாட்டு முடிந்தது. பிறகு கதவு திறந்தது, வெளியேற்றினார்கள்.

அடுத்த புகலிடம், குளிர்காலத்துக்காக மூடியிருந்த கிராண்ட் ஹோட்டல். வராந்தாவில் மெத்தைகளைச் சுவராக நிறுத்தி அதற்குள் வாசித்தார்கள். பதிவானதைக் கேட்டுப் பார்க்க வேண்டுமானால் அறைகளைக் கடந்து, பால்கனி ஏறி, பனியில் நடந்து லாரிக்குப் போக வேண்டும். இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டு, சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். ‘மெஷின் ஹெட்’ ஆல்பத்தில் எதையும் திரும்பத் திரும்பத் தேய்த்த களைப்பு தெரியாததற்கு அந்த நடைதூரமும் ஒரு காரணம். சோம்பலுக்கு இவ்வளவு நல்ல பலன் கிடைத்த இடங்கள் சரித்திரத்தில் குறைவு.

பெவிலியனில் போலீஸுக்கு நடுவே பதிவான இசைக்கு வார்த்தை கிடைக்கவில்லை. பேஸ் கிடார் வாசிக்கும் ரோஜர் குளோவர் ஒருநாள் விடியலில் வாயில் ஒரு தலைப்போடு விழித்துக்கொண்டார். காஸினோ எரிந்த கதையை நடந்தது நடந்தபடி எழுதிவிட்டார்கள். ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ என்பது இன்ஷூரன்ஸ்காரரிடம் கொடுக்க வேண்டிய வாக்குமூலம், பாட்டாக வந்துவிட்டது. கிடார்காரர் ரிச்சி பிளாக்மோர் அந்தப் புகழ்பெற்ற ரிஃபை, அதாவது திரும்பத் திரும்ப வரும் கிடார்த் துணுக்கை, இரண்டிரண்டு தந்திகளாக விரலால் கிள்ளி வாசித்தார். ஜான் லார்ட் தன் ஹேமண்ட் ஆர்கனை மார்ஷல் பெட்டியில் சொருகி, சர்ச்சில் பிறந்த வாத்தியத்தைச் சாராயக்கடைக் குரலில் பேசவைத்தார். உலகில் கிடார் வாங்கிய எவரும் முதல் வாரத்தில் அதை வாசித்து வீட்டாரைப் படுத்தாமல் இருந்ததில்லை. மான்ட்ரோ ஏரிக்கரையில் இன்று அந்த ரிஃபின் ஸ்வரக்குறிப்பையே சிற்பமாக வைத்திருக்கிறார்கள். போலீஸை அனுப்பிய அதே ஊர்.

1980ஆம் ஆண்டுப் படலம்

இந்த இசைக்கு 1980 மகாமகம் மாதிரி ஒரு வருடம். மூன்று ஆல்பங்களை மட்டும் பார்த்துவிட்டு நகர்வோம்.

ஏப்ரலில் ஜூடாஸ் ப்ரீஸ்ட்டின் ‘பிரிட்டிஷ் ஸ்டீல்’. அந்தப் பெயரில் இருந்த அரசு உருக்கு நிறுவனத்தில், பதிவு நடந்த சமயம், நாடுதழுவிய வேலைநிறுத்தம். குழுவின் கிடார்காரர் கிளென் டிப்டன் அங்கே ஒரு காலத்தில் வேலை பார்த்தவர். ஜான் லெனனிடமிருந்து ரிங்கோ ஸ்டாரிடம் போயிருந்த ஒரு மாளிகையில் பதிவு. இயந்திர மனிதர்கள் அணிவகுத்து வரும் சத்தம் வேண்டியிருந்தது. பட்டனைத் தட்டினால் சத்தம் தரும் கருவி கையில் இல்லை. பாடகர் ராப் ஹால்ஃபோர்ட் சமையலறைக்குப் போய் கரண்டி, முள், கத்தி நிறைந்த தட்டைக் கொண்டுவந்து மைக் முன்னால் தூக்கித் தூக்கிக் குலுக்கினார். கண்ணாடி உடையும் சத்தத்துக்குப் பால்புட்டிகளை உடைத்தார்கள். பிரபஞ்சத்தை ஆளவந்த உலோகக் கடவுளரின் காலடியோசை, விருந்துக்கு வைத்திருந்த ஸ்பூன்கள்.

ஜூலையில் ஏசி டிசியின் ‘பேக் இன் பிளாக்’. பாடகர் பான் ஸ்காட் பிப்ரவரியில் இறந்திருந்தார். நியூகாஸிலில் கார்க்கூரைக்கு வினைல் ஒட்டும் தொழில் செய்துகொண்டிருந்த பிரையன் ஜான்சனை அவர் இடத்தில் நிறுத்தினார்கள். பஹாமாஸ் தீவில் பதிவு. புயலும் மின்வெட்டும் கூடவே வந்தன. துக்கத்துக்கு ஒரு மணியோசை வேண்டும் என்று இங்கிலாந்தில் லஃப்பரோ ஊரின் மணிக்கூண்டுக்கு ஒலிப்பதிவாளரை அனுப்பினார்கள். ஒவ்வொரு அடிக்கும் கூண்டிலிருந்த பறவைகள் சடசடவென்று பறந்து பதிவைக் கெடுத்தன. கடைசியில் பட்டறையில் வார்த்துக்கொண்டிருந்த தங்கள் சொந்த மணியையே அங்கேயே அடித்துப் பதிவுசெய்தார்கள். எடை, ஒரு டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. அட்டை முழுக்கக் கறுப்பு. குழுவின் பெயராவது தெரிய வேண்டாமா என்று கம்பெனி கெஞ்சியதால் எழுத்தைச் சுற்றி ஒரு சாம்பல் கோடு. உலகில் மிக அதிகம் விற்ற ஆல்பங்களின் வரிசையில் அது இன்றும் உச்சிக்கருகில் நிற்கிறது.

நவம்பரில் மோட்டர்ஹெட்டின் ‘ஏஸ் ஆஃப் ஸ்பேட்ஸ்’. பேஸ் கிடாரை மார்ஷலில் சொருகி, சாதாரண கிடார் மாதிரி கொத்தாக அடித்து வாசித்தவர் லெமி. அட்டையில் மூன்று கொள்ளைக்காரர்கள் அரிசோனா பாலைவனத்தில் நிற்பார்கள். அது லண்டனுக்கு வடக்கே பார்னெட் பக்கத்து மணற்குழி.

பழி சுமந்த படலம்

1985இல் வாஷிங்டன் மேல்தட்டுப் பெண்மணிகள் சிலர், செனட்டர் அல் கோரின் மனைவி டிப்பர் கோரை முன்னிறுத்தி, பதினைந்து பாடல்களை ஆபாசம், வன்முறை என்று பட்டியல் போட்டார்கள். செப்டம்பர் 19 அன்று செனட் குழு விசாரித்தது. ட்விஸ்டட் சிஸ்டர் குழுவின் டீ ஸ்னைடர் கையில்லாத ஜீன்ஸ் சட்டையோடும் சிங்கப்பிடரி முடியோடும் உள்ளே நுழைந்தார். உளறப்போகிறான் என்று காத்திருந்தவர்கள் ஏமாந்தார்கள். தான் குடிப்பதில்லை, புகைப்பதில்லை, கிறிஸ்தவன் என்று நிதானமாகச் சொன்னார். வக்கிரம் என்று திருமதி கோர் எடுத்துக்காட்டிய கத்திப் பாட்டு, தன் கிடார்காரருக்கு நடக்கவிருந்த தொண்டை அறுவைசிகிச்சையைப் பற்றியது என்றார். ஆபரேஷன் தியேட்டர் பயத்தைப் படுக்கையறைப் பாட்டாகப் படித்த பெருமை யாருக்கு என்று அவை அறிந்துகொண்டது. கடைசியில் ஆல்பங்களில் எச்சரிக்கை முத்திரை ஒட்டினார்கள். பதினாலு வயதுப் பையனுக்குக் கடையில் எதை வாங்குவது என்று தேடும் சிரமம் மிச்சமானது.

வெளியார் பழியை இந்த இசை தாங்கிவிட்டது. அடுத்தது சொந்த வீட்டு வினை. கம்ப்யூட்டர் வந்தது, கோணியதை நிமிர்த்தலாம், தப்பிய தாளத்தைக் கட்டத்துக்குள் உட்காரவைக்கலாம், எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்குச் சத்தமாக்கலாம். 2008இல் மெட்டாலிக்காவின் ‘டெத் மேக்னெட்டிக்’ வந்தது. பக்கத்து ஆல்பத்தைவிடச் சத்தமாக இருக்க வேண்டும் என்ற போட்டியில் டிரம்ஸ், குரல், கிடார் எல்லாவற்றின் உச்சியையும் சேர்த்து நசுக்கியிருந்தார்கள். டேவ் டேவிஸ் ஒரு கிடாருக்குச் செய்ததை இவர்கள் மொத்த ஆல்பத்துக்கும் செய்தார்கள். கரகரப்பு அழகாகக் கேட்க, பக்கத்தில் கரகரக்காத டிரம்ஸ் ஒன்று வேண்டும். அது இங்கே இல்லை. அதே பாடல்கள் கிடார் ஹீரோ என்ற வீடியோ விளையாட்டில் நசுங்காமல் வந்திருந்தன. பொம்மை கிடார் தட்டும் பையனுக்கு, காசு கொடுத்து ஆல்பம் வாங்கியவனைவிட நல்ல ஒலி கிடைத்தது. மறுபடி மிக்ஸ் செய்யுங்கள் என்று ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் மனுப் போட்டார்கள். சத்தம் போதவில்லை என்று அழுத கூட்டமே சத்தம் அதிகம் என்று மனுக் கொடுத்ததை ஜிம் மார்ஷல் உயிரோடு இருந்து பார்த்தார்.

நூற்பயன்

இதைப் படித்தவர்களுக்குப் புண்ணியம் கிடைக்குமா தெரியாது. கேட்க ஒரு வழி சொல்லலாம். மூன்று பாடல்கள் போதும்: ‘வென் த லெவி பிரேக்ஸ்’, ‘பிளாக் சாபத்’, ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’. மூன்றும் சேர்ந்து இருபது நிமிடம் வராது. முதலாவதில் டிரம்ஸை விட்டுவிட்டு மாடிப்படியைக் கேளுங்கள். இரண்டாவதில் மழைக்குப் பிறகு வரும் மூன்று ஸ்வரத்தில் கடைசி ஸ்வரத்தின் நடுக்கத்தைக் கேளுங்கள். மூன்றாவதில் கிடார் தனியாகத் தொடங்க, தாளம் வந்து சேர, பேஸ் தாமதமாக உள்ளே நுழைவதைக் கவனியுங்கள். சத்தம் கூட்டப்பட்ட புதுப் பதிப்புகளைத் தள்ளிவிட்டுப் பழைய பதிப்பு கிடைத்தால் அதையே கேளுங்கள். செல்போனின் சின்ன ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள். அதில் கேட்டால் மிஞ்சுவது கொசு.

இருபது நிமிடம் கேட்டும் கால் தானாகத் தாளம் போடவில்லை என்றால், உங்களுக்கும் இந்த இசைக்கும் ஒத்துவராது, மனக்கசப்பில்லாமல் பிரிந்துவிடலாம். போட்டுவிட்டது என்றால் உடனே ஒரு நல்ல ஹெட்ஃபோன் வாங்கிவிடுங்கள். ராத்திரி பத்து மணிக்குமேல் தூங்கும் உரிமை பக்கத்து வீட்டுக்காரருக்கும் உண்டு.